ஐந்து பொக்கிஷங்களின் மலை

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப்பாதை நம் ஜில்லாவின் ஊடே போகிறது. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று நிலையங்களை எண்ணிக்கொண்டு போனால் தமிழ்நாடு முடிந்துவிடும். தடாவில் தொடங்கி ஆந்திர தேசம்; அப்புறம் கலிங்கம்; அப்புறம் வங்காளம். அந்தத் தண்டவாளத்தின் மேல் இரண்டு இரவுகள் பொறுமையாக உட்கார்ந்திருப்பவர்களை ரயில் ஹிமாலயத்தின் அடிவாரத்தில், நியூ ஜல்பைகுரி என்னும் நிலையத்தில் இறக்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்கு அருகில் தினந்தோறும் தடதடத்துப் போகும் பாதை, பனிமலையின் காலடி வரையில் நீண்டு கிடக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்?

சென்ற கோடை விடுமுறையில் உபாத்தியாயர்களாகிய நாங்கள் நால்வர் அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு சிக்கிமுக்குச் சென்றோம். கஞ்சன்ஜங்கா தேசீய வனத்தைக் காண்பது எங்கள் நோக்கம். அங்கே அபூர்வமான மிருகங்கள் இருக்கின்றன, பௌத்த ஆலயங்கள் இருக்கின்றன என்பவை எல்லோரும் அறிந்த சங்கதிகள். எங்களை இழுத்தது வேறொரு செய்தி. ஒரு நதி புனிதமானது என்று ஜனங்கள் சொன்னதற்காக, கட்டத் தொடங்கிய மின்சாரத் திட்டத்தை ஒரு சர்க்கார் நிறுத்திவிட்டது என்று படித்திருந்தோம். இந்தக் காலத்தில் இப்படியும் நடக்குமா என்று நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் உண்டாயிற்று.

ஜல்பைகுரியிலிருந்து ஜீப் வண்டி. டீஸ்டா நதியை ஒட்டிச் சில மணி நேரம். பிறகு ரங்கீத் நதியை ஒட்டிச் சில மணி நேரம். ஜோர்த்தாங், லெக்ஷிப், டாஷிடிங் ஆகிய ஊர்களைத் தாண்டி யுக்ஸம் என்னும் சிற்றூரில் கொண்டுவிடுகிறார்கள். வளைவுகளைப் பற்றி விஸ்தாரமாக எழுதப் போவதில்லை. எங்களில் ஒருவர் வழி நெடுகக் கண்ணை மூடிக்கொண்டே வந்தார் என்பது போதும்.

சிக்கிம் மிகச் சிறிய ராஜ்யம். மொத்தப் பரப்பு 7,096 சதுர கிலோமீட்டர். நம் திருவள்ளூர் ஜில்லாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 1,784 சதுர கிலோமீட்டர், இந்தத் தேசீய வனமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1977-ல் 850 சதுர கிலோமீட்டருடன் தொடங்கியது, 1997-ல் இந்த அளவுக்கு விரிந்தது. 2016-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலகப் பாரம்பரிய ஸ்தலங்களின் வரிசையில் சேர்த்தது. இயற்கைச் சிறப்பு, கலாசாரச் சிறப்பு ஆகிய இரண்டுக்குமாகச் சேர்த்து அந்தக் கௌரவத்தைப் பெற்ற இந்திய ஸ்தலங்களில் இதுவே முதலாவது.

இந்த வனத்தின் விசித்திரம் அதன் பரப்பில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்கு மேல் 1,220 மீட்டர். உயர்ந்த இடம் 8,586 மீட்டர். உலகத்திலேயே மூன்றாவது உயரமான கஞ்சன்ஜங்கா சிகரம் அதுதான். கீழிருந்து மேலே ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமான இந்த ஏற்றம், நேர்க்கோட்டில் பார்த்தால் ஏறக்குறைய 42 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் இடையே உள்ள தூரத்தைப் போன்றதென்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரத்தில் நம் பூமி சில பத்து மீட்டர்தான் உயர்கிறது. அங்கேயோ வெப்ப தேசத்துக் காடும், மூங்கிலும், கருவாலியும், தேவதாருவும், புல்வெளியும், வெறும் பாறையும், பனியும் மாடிப்படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பனியாறுகள் மட்டும் 280 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஸெமு என்னும் பனியாறு 26 கிலோமீட்டர் நீளம்.

யுக்ஸம் என்றால் லெப்ச்சா பாஷையில் மூன்று லாமாக்கள் சந்தித்த இடம் என்று அர்த்தம். 1642-ல் திபேத்திலிருந்து வெவ்வேறு வழியாக வந்த மூன்று பௌத்த குருமார்கள் இங்கே கூடி, பூன்ட்ஸோக் நம்க்யால் என்பவரைச் சிக்கிமின் முதல் சோக்யாலாக, அதாவது தர்மராஜாவாக, முடிசூட்டினார்கள். அந்த வைபவம் நடந்த நோர்புகாங் என்னும் சோலைக்கு ஊரிலிருந்து நடந்தே போய்விடலாம். வெள்ளை ஸ்தூபி ஒன்று; கற்களால் கட்டிய சிம்மாசனங்கள்; அவற்றுக்குப் பின்னால் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஊசியிலை மரம் ஒன்று. ஸ்தூபி எழுப்பச் சிக்கிமின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் மண்ணும் நீரும் கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறார்கள். பாறையொன்றில் லாட்ஸுன் சென்போ என்ற லாமாவின் பாதச்சுவடு இருக்கிறது. மெய்யோ பொய்யோ, அதன்முன் பழுத்த கிழவிகள் விழுந்து வணங்குவதைக் கண்டபோது, நம் ஊர்ப் பெருமாள் கோயில் பாதங்களின் ஞாபகம் வராமல் இல்லை. முடிசூட்டு விழாவில் தொடங்கிய அந்த வம்சம் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆண்டது. 1975 மே மாதத்தில் சிக்கிம் பாரதத்தின் 22-வது ராஜ்யமாயிற்று.

இந்த மூன்று லாமாக்களும் ஏதோ நாடு பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. அவர்கள் தேடி வந்தது ஒரு மறைநாட்டை. எட்டாம் நூற்றாண்டில் திபேத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுசென்ற குரு பத்மசம்பவர், துன்ப காலத்தில் தர்மம் ஒளிந்துகொள்ளத் தக்க சில பள்ளத்தாக்குகளை ஆசீர்வதித்து, அவற்றில் புனித நூல்களையும் பொருள்களையும் மறைத்து வைத்தார் என்பது ஐதிகம். அவற்றில் சிறந்தது சிக்கிம். மறைநாட்டில் ஒவ்வொரு குகைக்கும், ஏரிக்கும், அருவிக்கும், பாறைக்கும் ஒரு காவல் தெய்வம் உண்டு. எல்லோருக்கும் மேலான காவலன் கஞ்சன்ஜங்கா. அந்தப் பெயருக்கே பெரும்பனியின் ஐந்து பொக்கிஷங்கள் என்றுதான் பொருள். ஐந்து சிகரங்களில் உப்பும், பொன்னும், புனித நூல்களும், ஆயுதங்களும், தானியமும் மருந்தும் வைத்துப் பூட்டப்பட்டிருக்கின்றனவாம். தெய்வங்களின் பெயர்களையும் அவை குடியிருக்கும் இடங்களையும் சொல்லித் துதிக்கும் நே-ஸோல் என்னும் நூலை லாட்ஸுன் சென்போ இயற்றினார். மடாலயங்களில் அதை இன்றும் ஓதுகிறார்கள். நம் திருத்தலப் பதிகங்களைப் போன்றது என்று சொல்லலாம். ஒரே வித்தியாசம், அங்கே பாடப்படுவது கோபுரமல்ல, மலை.

பௌத்தர்கள் வருவதற்கு முன்பே லெப்ச்சா ஜனங்கள் இந்த மலையைத் தொழுது வந்தார்கள். தங்கள் ஆதி தாய் தந்தையரைக் கடவுள் கஞ்சன்ஜங்காவின் பனியை எடுத்துப் பிடித்துவைத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. பிறகு திபேத்திலிருந்து வந்த பூட்டியா ஜனங்களும் லெப்ச்சாக்களும் சகோதரர்களாக இருப்பதென்று பிரமாணம் செய்துகொண்டபோது மலையையே சாட்சியாக வைத்தார்கள். ஆண்டுதோறும் மழைக்காலத்தின் முடிவில் பாங் லாப்ஸோல் என்ற பண்டிகையில், சிவந்த முகமூடி அணிந்து கஞ்சன்ஜங்கா தெய்வமாக லாமாக்கள் நடனமாடுகிறார்கள். ஸ்தல புராணம் என்பது நமக்கு மட்டும் சொந்தமானதல்ல.

இந்த இடத்தில் நம்மவர் பெருமை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பத்மசம்பவரோடு திபேத்துக்கு அழைக்கப்பட்ட சாந்தரக்ஷிதர் நாலந்தாவின் ஆசாரியர். அந்த நாலந்தா மகாவிஹாரத்துக்கு அவருக்கு முந்திய காலத்திலேயே தலைமை வகித்த தர்மபாலர் நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். திருவள்ளூருக்குப் பக்கத்து ஊரில் எழுந்த ஞானம் பனிமலையின் மேல் ஏறிய வழியில் தமிழனின் காலடியும் கொஞ்சம் இருக்கிறது.

இனி நதியின் கதை.

பனியாறுகளில் பிறந்து யுக்ஸம் வழியாக இறங்கி ரங்கீத்தில் கலப்பது ராதோங் சூ. சூ என்றால் நீர். இரண்டு நதிகளும் கூடும் இடத்துக்கு மேலே, கூம்பு போன்ற குன்றின் உச்சியில் டாஷிடிங் மடாலயம் இருக்கிறது. முடிசூட்டிய மூவரில் ஒருவர் 1641-ல் தொடங்கிய ஆலயம் அது. இந்த நதியின் நீர்தான் அங்கே புனித கும்பத்தில் வார்க்கப்படுகிறது. 1990-களில் இதே நதியின் குறுக்கே 30 மெகாவாட் மின்சாரத் திட்டத்துக்கு யுக்ஸத்தில் வேலை தொடங்கினார்கள். சாலை போட்டார்கள், பாறைக்கு வெடி வைத்தார்கள். லாமாக்கள் எதிர்த்தார்கள். படித்த பிரஜைகள் சிலர் சங்கமாகக் கூடி நீதிமன்றம் சென்றார்கள். மறைநாட்டின் உடலில் வெடி வைக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். மின்சாரம் வேண்டாமா, பள்ளிக்கூடத்துக்கு விளக்கு வேண்டாமா என்பது மறுதரப்பின் வாதம். அதுவும் நியாயமான கேள்விதான். இருட்டில் படித்தவர்களுக்கே விளக்கின் அருமை தெரியும். கடைசியில் 1997 ஆகஸ்டு மாதத்தில் முதலமைச்சர் பவன் குமார் சாம்லிங்கின் சர்க்கார் திட்டத்தைக் கைவிட்டது. செலவழித்த பணம் போனது போனதுதான். நதி இன்றும் ஓடுகிறது. வெடித்துப் போட்ட பாறைத் துண்டுகளின் மேல் பாசி படர்ந்திருக்கிறது.

அந்த 1997-ஆம் ஆண்டுதான் நம் திருவள்ளூர் ஜில்லாவும் செங்கற்பட்டிலிருந்து தனியே பிரிந்தது. அவர்கள் நதியை மீட்டார்கள். நாம் கலெக்டர் ஆபீஸைப் பெற்றோம். வேடிக்கைக்குத்தான் சொல்கிறோம்.

சிக்கிம்காரர்கள் சிகரத்தையும் விட்டுவைக்கவில்லை. விட்டுவைத்தார்கள் என்றே சொல்லவேண்டும். 1955 மே 25-ல் பிரிட்டிஷ் கோஷ்டியைச் சேர்ந்த ஜார்ஜ் பாண்ட், ஜோ பிரௌன் ஆகிய இருவர் நேபாளப் பக்கமாக முதன்முதலில் கஞ்சன்ஜங்காவின் உச்சியை அடைந்தார்கள். அடைந்தும், உச்சியின் கடைசிச் சில அடிகளில் கால் வைக்காமல் திரும்பினார்கள். தெய்வத்தின் தலையை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்குக் கொடுத்திருந்த வாக்கு அது. பின்னால் வந்தவர்களில் பலரும் அந்த வழக்கத்தைப் பின்பற்றினார்கள். 2000-ல் ஆஸ்திரிய கோஷ்டி ஒன்றுக்குச் சிக்கிம் பக்கமாக ஏற அனுமதி கொடுத்தபோது பௌத்தர்களிடமிருந்து பெரும் ஆட்சேபம் கிளம்பிற்று. அதன்பின் சிக்கிம் சர்க்கார் அந்தச் சிகரத்தில் ஏறுவதையே தடை செய்துவிட்டது. மனிதன் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்யாமல் விடுவதற்கும் ஒரு வீரம் வேண்டும் போலும்.

நாங்கள் ஏறியதோ சிகரத்தை அல்ல. வனத்துக்குள் நாலு நாள் நடை. யுக்ஸத்தில் வன இலாகாவின் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, கூடவே வழிகாட்டி ஒருவரையும், மூட்டை சுமக்க இரண்டு ஜோக்களையும் அமர்த்திக்கொண்டோம். ஜோ என்பது பசுவுக்கும் யாக்குக்கும் பிறந்த கலப்பு மிருகம், வாத்தியார்களைவிடப் பொறுமைசாலி. சோதனைச் சாவடியில் நாங்கள் கொண்டுபோகும் பிளாஸ்டிக் உறைகளையும் டப்பாக்களையும் எண்ணி எழுதிக்கொண்டார்கள். திரும்பும்போது கணக்குச் சரியாக இருக்கவேண்டுமாம். இந்த ஏற்பாட்டின் பின்னால் இருப்பது யுக்ஸம் வாசிகளே சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம். யாத்திரிகர் விறகுக்காக மரம் வெட்டுவதையும் குப்பை போடுவதையும் கண்டு மனம் பொறாமல் 1990-களில் அதை ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பரீட்சை மேற்பார்வையில்கூட இவ்வளவு கண்டிப்பை நாம் கண்டதில்லை.

முதல் நாள் முழுவதும் ஈரக்காடு. மரங்களின் மேல் பாசியும் பெரணியும் தாடி தாடியாகத் தொங்குகின்றன. நதிகளுக்குக் குறுக்கே தொங்குபாலங்கள். அவற்றின் கம்பிகளில் ஐந்து நிறப் பிரார்த்தனைக் கொடிகள். காற்று அடிக்கும்போது கொடியில் எழுதிய மந்திரத்தைக் காற்றே ஓதிக்கொண்டு போகிறது என்பது அவர்கள் எண்ணம். அட்டைகளும் உண்டு, அவற்றுக்கு ஜாதி மத பேதம் கிடையாது. மாலையில் ஸோக்கா என்னும் இடத்தை அடைந்தோம். ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம். 1960-களின் கடைசியில் திபேத்திய அகதிகள் வந்து குடியேறிய சின்னஞ்சிறு குடியிருப்பு. மரவீடுகள் சிலவும், ஒரு சிறு புத்தர் கோயிலும், குட்டையொன்றும் இருக்கின்றன.

ஸோக்காவுக்கு மேலே போனதும் காடு நிறம் மாறியது. சிவப்பு, வெள்ளை, வெளிர் ஊதா என்று மலைச்சரிவு முழுவதும் பூ. ரோடோடெண்ட்ரான் மரங்கள். நம் நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சொல்கிறோமே, அதன் சொந்தக்காரர்கள். ஹிமாலயத்துக்கும் நீலகிரிக்கும் நடுவில் அந்த இனம் அநேகமாக இல்லை என்பது தாவர சாஸ்திரிகளை வெகுநாளாக வியப்பில் ஆழ்த்திய விஷயம்.

மிருகங்களிலும் இதுபோன்ற உறவு ஒன்று உண்டு, அல்லது உண்டென்று எண்ணியிருந்தார்கள். ஜோங்ரி என்னும் 4,000 மீட்டர் உயரத்துப் புல்வெளிக்கு எதிரே, செங்குத்தான பாறையில் மூன்று காட்டாடுகள் நிற்பதைத் தூரதரிசினிக் கண்ணாடியில் கண்டோம். ஹிமாலய வரையாடு. நம் தமிழ்நாட்டின் ராஜ்ய விலங்கான நீலகிரி வரையாட்டை இதன் தம்பி என்றே விலங்கியல் நூல்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவந்தன. 2005-ல் மரபணுக்களை ஆராய்ந்து பார்த்ததில், நம் வரையாடு ஆட்டைவிடச் செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. முகஜாடையை வைத்துச் சம்பந்தம் பேசக்கூடாது என்பார்கள் அல்லவா?

மற்ற மிருகங்களின் ஜாபிதாவைக் கேட்டால் பிரமிப்பு உண்டாகும். பனிச்சிறுத்தை, செம்பாண்டா, ஹிமாலயக் கருங்கரடி, கஸ்தூரி மான், நீல ஆடு, திபேத்திய ஓநாய். காகிதத்தில் எழுதியிருப்பதையெல்லாம் காட்டில் கண்டோம் என்று சொல்லும் யாத்திரிகர்களை நம்பவேண்டாம். பனிச்சிறுத்தையைப் பற்றிய எங்கள் அனுபவம், பாறையில் அது உரசிச் சென்ற அடையாளம் என்று வழிகாட்டி காட்டிய ஓர் இடத்தோடு முடிந்தது. 2024 ஜனவரியில் வெளியான முதல் அகில இந்தியக் கணக்கின்படி தேசம் முழுவதும் 718 பனிச்சிறுத்தைகள். லடாக்கில் மட்டும் 477. சிக்கிமின் பங்கு 21. நம் வகுப்பு ஒன்றில் உட்காரும் பிள்ளைகளின் எண்ணிக்கைகூட இல்லை! அந்த இருபத்தொன்றில் ஒன்று எங்கள் முன் வந்து நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

செம்பாண்டா விஷயமும் அதேதான். பூனையைவிடச் சற்றுப் பெரிய பிராணி. செம்பொன் நிற ரோமம். வளையம் வளையமான வால். ஊன் உண்ணும் கூட்டத்தில் பிறந்து, மூங்கில் இலையைத் தின்று உயிர் வாழ்கிறது. மூங்கிலைப் பிடிப்பதற்கென்று மணிக்கட்டு எலும்பு நீண்டு ஆறாவது விரல் போல ஆகியிருக்கிறது. பாண்டா என்ற பெயரை 1825-ல் விஞ்ஞான உலகத்தில் முதலில் பெற்றது இதுதான். கறுப்பு வெள்ளைச் சீனக் கரடி பின்னால் வந்து பெயரைப் பறித்துக்கொண்டது. சிக்கிமின் ராஜ்ய விலங்கு இது. காட்டில் எங்களுக்குக் காட்சி கொடுக்கவில்லை. திரும்பும் வழியில் டார்ஜிலிங்கில், கவிக்குயில் சரோஜினி தேவியின் குமாரத்தி பத்மஜா நாயுடுவின் பெயரால் விளங்கும் மிருகக் காட்சிசாலையில், மரக்கிளையில் தலைகீழாகத் தூங்குவதைக் கண்டோம். அங்கே செம்பாண்டாக்களையும் பனிச்சிறுத்தைகளையும் குஞ்சு பொரிப்பது போலப் பத்திரமாக வளர்த்துப் பெருக்குகிறார்கள்.

ஆனால் இரத்தக் கோழியை நன்றாகப் பார்த்தோம். சாம்பல் நிற உடலில் மார்பிலும் வாலிலும் யாரோ குங்குமம் தெளித்தது போன்ற பறவை. ஜோங்ரிக்குக் கீழே தேவதாருக் காட்டில், பத்துப் பன்னிரண்டு கோழிகள் எங்களைச் சட்டைசெய்யாமல் பாசியைக் கொத்திக்கொண்டு பாதையைக் கடந்தன. மனிதனைக் கண்டு ஓடாத காட்டுப் பறவையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

ஜோங்ரியில் விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பினார்கள். பல் கிட்டும் குளிர். கிழக்கே வெளுத்ததும், பண்டிம் சிகரத்தின் கறுப்பு உருவத்துக்கு இந்தப் பக்கம், கஞ்சன்ஜங்காவின் உச்சியில் மட்டும் ஒரு பொட்டுச் செம்மை தோன்றியது. அது மெல்ல மெல்ல வழிந்து இறங்கிற்று. வழிகாட்டி மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். எங்களில் ஒருவர் நாத்திகர், அவரும் கழற்றினார்.

இவ்வளவையும் எழுதியபின், சிக்கிமில் எல்லாமே தர்மராஜ்யமாக நடக்கிறது என்று நேயர்கள் நினைத்துக்கொண்டால் அது முழு உண்மையாகாது. ராதோங் சூவை விட்ட அதே ராஜ்யத்தில் டீஸ்டா நதியின் குறுக்கே அணை மேல் அணையாக எழுந்தது. வனத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய ஸொங்கு, லெப்ச்சாக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட புனித பூமி. அங்கே வரவிருந்த திட்டங்களை எதிர்த்து 2007-ல் வாலிபர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். முறை வைத்துக்கொண்டு தொடர்ந்த அந்தச் சத்தியாக்கிரகம் இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்தது. காந்தியடிகளின் ஆயுதம் பனிமலையிலும் துருப்பிடிக்கவில்லை. 2008-ல் அங்கே நான்கு திட்டங்களைச் சர்க்கார் கைவிட்டது. எல்லாவற்றையும் அல்ல.

அதற்கும் வடக்கே, லாசென், லாசுங் என்னும் இரு நதிகள் கூடும் சுங்தாங்கில் 1,200 மெகாவாட் திட்டம் எழும்பியது. அதுவும் பத்மசம்பவரின் பாதம் பட்டதாகப் போற்றப்படும் பாறை உள்ள ஊர்தான். 2023 அக்டோபர் 3-ந் தேதி இரவு, பனியாற்றின் முனையில் வருஷா வருஷம் பெருத்து வந்த தென் லோனாக் ஏரியில், கரையின் உறைந்த மண்மேடு சரிந்து விழுந்தது. எழுந்த அலை ஏரியின் முகப்பை உடைத்தது. ஏறக்குறைய 5 கோடி கன மீட்டர் நீர் டீஸ்டாவில் பாய்ந்தது. சுங்தாங் அணை சிறிது நேரத்தில் அடித்துக்கொண்டு போகப்பட்டது. பாலங்கள், வீடுகள், ராணுவ வண்டிகள் எல்லாம் போயின. பல பத்து உயிர்கள் மாண்டன. அந்த ஏரி உடையக்கூடும் என்று விஞ்ஞானிகள் பல வருஷங்களாகவே எச்சரித்து வந்தார்கள். நாங்கள் ஜல்பைகுரியிலிருந்து ஏறி வந்த வழியில் டீஸ்டாவின் கரையோரம் மாடி வரை மணல் மூடிய வீடுகளைக் கண்டோம். ஜன்னலின் மேல்சட்டம் மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது. அணையை மீண்டும், முன்னைவிட உயரமாகக் கட்டும் யோசனை 2025-லேயே எழுந்துவிட்டது.

பக்திமான்கள் இதைத் தெய்வ கோபம் என்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லத் துணியவில்லை. பூமி சூடேறுகிறது, பனி உருகுகிறது, ஏரி பெருக்கிறது. இதற்குத் தெய்வம் வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். நம்பிக்கை மட்டும் எந்த நதியையும் காப்பாற்றிவிடவில்லை. ராதோங் சூவில் நம்பிக்கையோடு நீதிமன்றமும், பத்திரிகையும், பிடிவாதமான சில மனிதர்களும், காதுகொடுத்துக் கேட்ட ஒரு மந்திரிசபையும் ஒரே சமயத்தில் சேர்ந்தன. சுங்தாங்கில் புனிதப் பாறை இருந்தது, மற்றவை சேரவில்லை. தேசீய வனத்தின் உள்ளேயும் யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்ல முடியாது. 1990-களின் கடைசியில் மேய்ச்சலைத் தடை செய்தபோது, தலைமுறை தலைமுறையாக யாக்கும் ஆடும் மேய்த்தவர்கள் தொழிலை இழந்தார்கள். சிலர் வழிகாட்டிகளாகவும் விடுதிக்காரர்களாகவும் மாறிப் பிழைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அப்படி அமைந்திருக்குமா?

நம் ஜில்லாவிலும் ஒரு சரணாலயம் இருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் தமிழ்நாட்டுக்கு உரிய பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகின்றன, கூழைக்கடாக்கள் வருகின்றன. வடக்கே பனி மூடும் தேசங்களிலிருந்து ஹிமாலயத்தைத் தாண்டி வரும் வாத்தினங்களும் உண்டு. அங்கே மீனவ ஜனங்கள் பாடு என்ற முறைப்படி, எவர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை வீசலாம் என்று தங்களுக்குள்ளேயே வகுத்துக்கொண்டு பல தலைமுறையாக ஏரியை ஆண்டு வருகிறார்கள். நே-ஸோல் போன்ற துதிநூல் அவர்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஏரியின் ஒவ்வொரு மூலைக்கும் பெயர் இருக்கிறது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிக்கும் யோசனையை அவர்கள் எதிர்த்து வந்திருக்கிறார்கள். மேற்கே தொழிற்பேட்டை. அதிலே நம் பிள்ளைகளுக்குச் சோறும் இருக்கிறது, பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சோறும் இருக்கிறது. யுக்ஸத்து விளக்குக் கேள்வியைப் போலவே இதுவும் லேசில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல. ஆனால் யுக்ஸத்தில் அந்தக் கேள்வியை ஊரார் எல்லோரும் கேட்டார்கள். நம் ஊரில் மீனவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் பிறந்து வளர்ந்து, முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் பூநாரையை ஒருமுறையும் பார்த்திராத பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் நிரம்ப இருக்கிறார்கள்.

சிக்கிமுக்குப் போக விரும்பும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரை, வைகாசி மாதங்களில் பூவைக் காணலாம். ஐப்பசி, கார்த்திகையில் மேகமில்லாத சிகரத்தைக் காணலாம். மழைக்காலத்தில் மலைச்சரிவுகளை நம்பக்கூடாது. மலையேற முடியாதவர்கள் யுக்ஸத்திலேயே தங்கி, 1701-ல் கட்டிய துப்தி மடாலயத்துக்குக் காட்டுவழியாக ஏறிப் பார்க்கலாம். கெச்சியோபால்ரி ஏரியையும் விடக்கூடாது. அதன் நீரின்மேல் ஓர் இலை விழுந்தாலும் பறவைகள் வந்து பொறுக்கிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. நாங்கள் பார்த்தபோது ஓரத்தில் சில இலைகள் மிதந்தன. பறவைகளுக்கும் ஓய்வு வேண்டும். 2025 பிப்ரவரியில் இந்த ஏரி சர்வதேச ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதே சமயம் நம் ராமநாதபுரம் ஜில்லாவின் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. சிகரமும் சேதுநாடும் ஒரே ஜாபிதாவில்.

டாஷிடிங்கைக் காணத் திபேத்தியப் பஞ்சாங்கத்தின் முதல் மாதப் பௌர்ணமி சிறந்தது. பெரும்பாலும் நம் மாசி அல்லது பங்குனியில் வரும். அன்று பும்சூ திருவிழா. வருஷம் முழுவதும் முத்திரையிட்டுப் பூட்டி வைத்திருந்த கும்பத்தை இரவில் திறக்கிறார்கள். நீர் பெருகியிருந்தால் நல்ல காலம், குறைந்திருந்தால் வறட்சி, கலங்கியிருந்தால் கலகம் என்று பலன் சொல்வார்கள். அதிலிருந்து சிறிதளவு நீரை ஜனங்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, ராதோங் சூவின் நீரை வார்த்துக் கும்பத்தை மறுபடியும் நிரப்பி அடுத்த ஆண்டுக்காகப் பூட்டிவிடுகிறார்கள். ஆளுக்குச் சில துளிகள்தான் கிடைக்கும். குளிரில் இரவு முழுவதும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், கம்பளி அவசியம்.